சிவப்பு விளக்கில் நான் கூப்பிடாத ஒருவர்

அந்த மைக்குக்கு வளைந்த நீளக் கழுத்து. தூசி போகாமலிருக்க அதன் தலையில் யாரோ மஞ்சள் கைக்குட்டை ஒன்றைக் கட்டியிருந்தார்கள். ரேணிகுண்டா சாலைச் சிக்னல் ஒன்றில், போலீஸ் கூண்டுக்குள், அதன் முன்னால் ஒரு வருடம் உட்கார்ந்திருந்தேன். திருமலைக்கு வருகிற தமிழ்நாட்டுக்காரர்களுக்குத் தமிழில் சொல்ல ஆள் தேடினார்கள். நகரிக்காரியான எனக்குத் தெலுங்கும் தமிழும் சரளம். என்ன பெரிய வேலை! "வாகன ஓட்டிகளே, தலைக்கவசம் அணிந்து செல்லுங்கள்" என்று ஒரு முறை பதிவு செய்து கொடுத்தேன். அப்புறம் என் குரல் தானாக ஓடிக்கொண்டிருக்கும். நான் பட்டனுக்குக் காவல்.

கூண்டு சற்று உயரம் என்பதால் நின்றிருக்கும் எல்லா முகமும் தெரியும். என் குரல் வந்ததும் ஹெல்மெட் போடாதவர் தன் தலையைத் தொட்டுப் பார்ப்பாரா? ம்ஹூம். பக்கத்து வண்டிக்காரரைத்தான் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பக்கத்து வண்டிக்காரர் அதற்கும் அடுத்தவரைப் பார்ப்பார். மலையிறங்கி வருகிற மொட்டைத் தலைகள் இன்னும் மோசம். பூசின சந்தனம் அழிந்துவிடும் என்று ஹெல்மெட்டைப் பின்னால் இருக்கும் மனைவியின் மடியில் வைத்திருப்பார்கள். சாமியைப் பார்த்துவிட்டு வருகிறோம், நமக்கு என்ன ஆகப்போகிறது என்ற நிம்மதி முகத்தில் வழியும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் நான் யாரைச் சொல்ல? என் வீட்டுக்காரரே தினமும் காலையில் அந்தச் சிக்னலைத் தாண்டித்தான் ரேணிகுண்டா பட்டறைக்குப் போவார். நாங்கள் திருச்சானூரில் குடியிருந்தோம். ஹெல்மெட் அவர் வண்டியின் கண்ணாடியில் தொங்கும். கேட்டால், "வூட்லயும் நீ கத்துற, ரோட்லயும் நீயே கத்திக்கினு இருக்க. மனுசன் எங்கதாமே போறது?" என்பார். சிரித்துவிடுவேன். அவர் வீடு திரும்பும் வரை வண்டிச் சத்தத்துக்குக் காது கொடுத்திருப்பேன். ஊருக்கெல்லாம் சொல்கிறவள் தாலி கட்டினவருக்குச் சொல்ல முடியவில்லையே என்று அவமானமாகவும் இருக்கும்.

அப்போதுதான் எஸ்.ஐ. மேடம் மாற்றலாகி வந்தார். சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர். தமிழை உடைத்து உடைத்துப் பேசுவார். இரண்டு நாள் சாலையோரம் நின்று பார்த்துவிட்டுக் கூண்டுக்குள் வந்து பதிவை நிறுத்தினார்.

"அந்தரிக்கி, எல்லாருக்கும் சொன்னா எவனுக்கும் சொல்லலன்னு அர்த்தம்மா. அப்டி வேணாம், ஒவ்வொருத்தன பாத்துக் கூப்புடு" என்றார்.

முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு வாய் திறந்துகொண்டது. "நீலச் சட்டை அண்ணா, ஹெல்மெட்டு கண்ணாடிக்கா வாங்கின?" சிக்னலே சிரித்தது. நீலச் சட்டை அசடு வழிய எடுத்து மாட்டினார். "மொட்ட போட்ட அண்ணா, சந்தனம் போனா இன்னொரு வாட்டி பூசிக்கலாம். தல போனா?" பின்னால் இருந்த மனைவியே அவர் தலையில் கவிழ்த்தாள். கூப்பிடப்பட்டவர் மட்டுமில்லை, அடுத்து நம்மைக் கூப்பிடுவாளோ என்று நாலு பேர் தாமாகவே மாட்டிக்கொண்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ராத்திரி வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிச் சிரித்தேன்.

மறுநாள் காலை என் வீட்டுக்காரர் வந்தார். சிவப்பு விழுந்தது. முதல் வரிசையில், என் கண்ணுக்கு நேராக நின்றார். கண்ணாடியிலிருந்து ஹெல்மெட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கூண்டையே நிமிர்ந்து பார்த்தார். முறைக்கிறார் என்று நினைத்தேன். இத்தனை பேர் முன்னால் பெண்டாட்டி கூப்பிட்டால் மானம் போய்விடும், வீட்டில் ஒரு வாரம் பேச்சிருக்காது. அவருக்குப் பின்னால் இருந்தவரைக் கூப்பிட்டேன். பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டேன். பச்சை விழுந்தது. ஹெல்மெட்டைப் பழையபடி கண்ணாடியில் மாட்டிவிட்டு அவர் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் முகம் கழுவிவிட்டு வந்தவர் துண்டைக்கூட எடுக்காமல் என் எதிரில் நின்றார்.

"ஊரு ஜனத்த எல்லாம் கூப்ட்ட. என்ன மட்டும் வுட்டுட்ட. நான் போனா பரவால்லயா உனுக்கு?"

துண்டை எடுத்து நீட்டினேன். "உனுக்கு வெக்கமா இருக்கும்னுதான் மாமா..." என்று இழுத்தேன்.

"நீ கூப்டுவ, போட்லாம்னு கைல வச்சிக்கினே நின்னேன்மே."

அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஒரு வருடமாக அவர் காதில் விழவில்லை என்று நினைத்திருந்தேன். எல்லாருக்குமான குரல் அது. அவருக்கென்று எதுவும் அதில் இல்லை என்பது எனக்குத்தான் உறைக்கவில்லை.

எஸ்.ஐ. மேடம் மறுபடி மாற்றலாகிப் போனார். நானும் அந்த வேலையை விட்டேன். இப்போது அந்தச் சிக்னலில் வேறு யாருடைய குரலோ பதிவில் ஓடுகிறது. நின்றிருப்பவர்கள் பக்கத்து வண்டியைப் பார்க்கிறார்கள். நேற்று எங்களுக்குள் ஏதோ அற்பச் சண்டை. இன்று காலையில் நான் வாயே திறக்காமல் அடுப்படியில் இருந்தேன். வெளியே வண்டி கிளம்பும் சத்தம் வரவில்லை. ஐந்து நிமிடம் பொறுத்து எட்டிப் பார்த்தேன். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி வண்டிமேல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாமே, டைம் ஆவுது. சொல்லு."