ஞானமுத்து அண்ணாச்சி கேட்ட ஒலிப்பதிவு

கோர்ட்டு வாசலில் டீ டம்ளரைக் கையில் வாங்கிய நேரத்தில் அண்ணாச்சியின் மகள் ஜெபாவின் அழைப்பு வந்தது. “மாமா, அப்பா காலையில போயிட்டாவ” என்றாள். புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருந்த ஞானமுத்து அண்ணாச்சியை உங்களில் பலர் அறிவீர்கள். அவருக்கு மனு எழுதிக் கொடுத்த வக்கீல் என்ற முறையில் நான் அறிந்ததைச் சொல்கிறேன்.

ஒரு சாரல் காலத்தில் அவர் மனைவி ரோஸ்லின் அக்காவுக்கு நெஞ்சுவலி வந்தது. அண்ணாச்சி ஆம்புலன்சுக்குப் போன் செய்தார். எதிர்முனையில் எந்த ஊர்க்காரரோ, வீட்டுக்கு அடையாளம் கேட்டிருக்கிறார். அண்ணாச்சியின் தென்காசி வீட்டருகே இருந்த தியேட்டரை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிப் பல காலம் ஆகிறது. தென்காசிக்காரர்களான நாம் இன்றும் அதைத் தியேட்டர் என்றுதான் சொல்கிறோம். வண்டி வந்து சேர்ந்தபோது அக்கா உயிரோடு இல்லை.

“மண்டபம்னு சொன்னேனா, பழக்கத்துல தியேட்டர்னு சொல்லிட்டேனா? எனக்கே ஞாபகம் இல்லவே” என்பார். வண்டியைக் குற்றாலம் சீசன் கூட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்றும் ஊரில் பேச்சு இருந்தது. அக்கா போனது தன் வாயாலா, வண்டி இல்லாததாலா என்று அவருக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் அவர் வழக்கு.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அவரே எழுதிவந்த முதல் மனுவில் “ஏன் தாமதம்?” என்ற ஒரே கேள்விதான் இருந்தது. “காரணம் கேட்டா திருப்பி அனுப்பிருவாங்க அண்ணாச்சி, கையில இருக்கிற பதிவைக் கேளுங்க” என்றேன். போன் பேச்சின் ஒலிப்பதிவையும் வண்டி ஓடிய விவரத்தையும் கேட்டோம். பதில் மரியாதையாகவே வந்தது. சேவையை நடத்துவது ஒப்பந்த நிறுவனம், பதிவுகள் அவர்களிடம் உள்ளன, அவர்கள் தனியார், சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. மேல்முறையீட்டிலும் அதே பாட்டுதான். “வண்டியில சின்னம் அரசாங்கத்துது, டீசல் அரசாங்கத்துது. வாய் மட்டும் தனியாரா?” என்றார்.

அரசு வேலையை எடுத்துச் செய்கிறவர் யாரானாலும் இந்தச் சட்டத்துக்குள் வர வேண்டும் என்று கையெழுத்து வாங்கக் கிளம்பினார். இடம் பார்த்தாரே, ஐந்தருவிப் பாதை! எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வருகிறவர்களிடம் பேனாவை நீட்டினார். தாள் நனைந்து, மை கரைந்து, பாதிப் பெயர்கள் தேறவில்லை. நான் சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபம் வந்தது. “என் கடையில ஏலம் போடும்போது, பழத்த வெளைய வச்சுக் கொண்டுவந்த சம்சாரி காதுல விழுத மாதிரி வெலையச் சத்தமாச் சொல்லுதேன். எலுமிச்சம்பழத்துக்கு உள்ள மரியாதை மனுச உசுருக்கு இல்லையா?”

தேறிய தாள்களை வாங்கிக்கொண்ட பெரிய மனிதர்கள் “பார்ப்போம்” என்றார்கள். பார்த்ததாகத் தெரியவில்லை. சட்டம் மாறும் என்று எனக்கு நம்பிக்கையும் இல்லை. ஆஸ்பத்திரித் துப்புரவு, குப்பை வண்டி, குடிநீர் என்று ஒவ்வொன்றாக ஒப்பந்தத்துக்குப் போகிறது. யாரிடம் போய்க் கேட்பது என்பதே நமக்குத் தெரியாமல் போகிறது. இதை எழுதும்போது ஆத்திரம்தான் வருகிறது, வழி ஒன்றும் தோன்றவில்லை.

“உங்க மேல ஒரு தப்பும் இல்ல அண்ணாச்சி” என்று ஒருநாள் தேற்றப் பார்த்தேன். “ஒமக்கு எப்படிவே தெரியும்?” என்றார். தெரியாததைத் தெரிந்ததுபோல் ஆறுதலுக்குக்கூடச் சொல்லக் கூடாது என்பது அவர் பிடிவாதம். அவரிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

அண்ணாச்சி வீட்டில் துஷ்டி கேட்க வந்த கூட்டம் கலைந்த பிறகு ஜெபா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “கடைசி வரைக்கும் அதையேதான் முனங்கிக்கிட்டு இருந்தாவ. நீங்கதான எல்லாத் தாளையும் பாத்திய மாமா. அப்பா வழியச் சரியாத்தான சொல்லியிருப்பாவ?”

அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “சரியாத்தான் சொன்னாவ” என்றேன்.