ஆர்மோனியக்காரருக்கு ஒரு துண்டு

பேசி முடிப்பதில் என்னை அடிக்கக் கோவில்பட்டி வட்டாரத்தில் ஆள் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனால் என் தீப்பெட்டி ஆபீசுக்குச் சரக்கு கேட்டு வந்தவர் யாரும் நான் சொன்ன விலைக்குத் தலையாட்டாமல் எழுந்து போனதில்லை. இந்தப் பேசி முடிக்கிற தொழிலை எட்டு வயதிலேயே நாகலாபுரத்தில், அத்தை வீட்டில் தொடங்கிவிட்டேன்.

அத்தைக்கும் மாமாவுக்கும் அப்போது பேச்சு இல்லை. காரணம், மதுரைக்கார ஆர்மோனியக்காரர் ஒருவர். நாடக மேடையில் பேர்போன ஆள். அவர் கேசட் ஓடாத டீக்கடை கிடையாது. கடைசியாக அவர் பசுவந்தனைக்கு வாசிக்க வந்தபோது, மேடையில் போர்த்துவதற்கென்று அத்தை ஒரு புதுத்துண்டு வாங்கி வைத்திருந்தாள். "பொட்டி வாசிக்கிறவனுக்கு எதுக்குட்டி துண்டு?" என்று மாமா தானும் போகவில்லை, அவளையும் விடவில்லை. அந்த வருசமே ஆர்மோனியக்காரர் செத்துப்போனார். அன்றிலிருந்து எல்லாப் பேச்சும் என் வழியாகத்தான்.

"ஏட்டி, ஒங்க மாமாவைச் சாப்பிட வரச் சொல்லு."

"கொழம்புல உப்பில்லன்னு ஒங்க அத்தைகிட்ட சொல்லுட்டி."

"உப்பு போடுததுக்கு வேற ஆளு பாத்துக்கிடச் சொல்லு."

மூன்று பேரும் ஒரே அடுப்படியில்தான் இருப்போம். ஆனாலும் நான் சொன்னால்தான் அது செல்லும்.

ஒரு சீழ்க்கையில் ஆட்டு மந்தையையே திருப்புகிறவர் மாமா. அவர் பக்கம் அத்தையின் முகம் மட்டும் திரும்பவில்லை. கடைசியில் அவரே எங்களை மதுரைக்குக் கூட்டிப்போனார். கிறிஸ்தவரான ஆர்மோனியக்காரரைப் புதைத்திருந்தது வெள்ளைக்காரன் காலத்துக் கல்லறைத் தோட்டத்தில். மற்ற பெண்கள் பூவும் கையுமாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அத்தை மட்டும் வாசலோடு நின்றுவிட்டாள். எங்கள் சனத்தில் பெண்கள் இடுகாட்டை மிதிப்பதில்லை. மதுரைக்கு வந்தால் வழக்கம் மாறிவிடுமா? சின்னப்பிள்ளை என்பதால் எனக்குத் தடையில்லை. "ஒங்க மாமா ஒழுங்காப் போத்துதாகளான்னு பாத்துட்டு வா" என்று அந்தப் புதுத்துண்டை என் கையில் கொடுத்தாள்.

காவல்காரர் கல்லறையைக் காட்டினார். மாமா துண்டை உதறி, சிலுவையின் இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கும்படி போர்த்தினார். பிறகு தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"அண்ணாச்சி, அவ ஆசையா வாங்குன துண்டு. நீங்க உசுரோட இருக்கையில நாந்தான் விடல. தப்புதான். அவ வாசல்ல நிக்குதா. ஒரு வார்த்த எங்கூட பேசச் சொல்லுங்க."

நான் வாசலுக்கு ஓடி, ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த சேதிக்காக நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவளோ என் தலைக்கு மேலே, பின்னால் வந்த மாமாவைப் பார்த்து, "காலையில இருந்து ஒண்ணும் திங்கலையே, பசிக்கலையா?" என்றாள்.

"பசிக்குதுன்னு ஒங்க அத்தைகிட்ட..." என்று என்னிடம் தொடங்கிய மாமா பாதியில் நிறுத்தினார். அவளைப் பார்த்து, "பசிக்குது" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் வழக்கம்போல இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். அத்தை என்னை எழுப்பி ஜன்னலோரம் தள்ளிவிட்டு, மாமா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். சேதியைப் பிசகாமல் சொன்னதற்கு எனக்குக் கிடைத்த பரிசு அந்த ஜன்னல் சீட்டு என்று, ஊர் வரும் வரைக்கும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன்.