போணிக்கு முன்னால் ஒரு கூட்டம்

நின்றுகொண்டே கூட்டம் போட வேண்டும் என்று முதலாளியின் மருமகள் சொன்னபோது எனக்குச் சுள்ளென்று வந்தது. நாள் முழுக்க நின்று பாக்கெட் போடுகிறவர்களைக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் நில்லுங்கள், பேசலாம் என்றால் யாருக்குத்தான் வராது? மீட்டிங் என்றால் கொஞ்ச நேரம் உட்காரலாம் என்று ஒரு நப்பாசை இருந்தது. அதிலும் மண்ணைப் போட்டாள் மகராசி.

நான் வேலை பார்ப்பது பென்னாகரம் ரோட்டில் ஒரு மாவு மில்லில். ராகியும் கம்பும் அரைப்போம், வத்தல்மலையிலிருந்து வரும் சாமையைச் சுத்தம் செய்வோம், பாக்கெட் போட்டு சேலத்துக்கும் பெங்களூருக்கும் அனுப்புவோம். அரைவை ஆண்கள் பக்கம். பாக்கெட் செக்‌ஷன் முழுக்கப் பெண்கள். அதற்கு நான் சூப்பர்வைசர். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். ஆள் வராத நாளில் நானும் தராசு முன்னால் நிற்கிறவள்தான், வாய் மட்டும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் நீளம்.

அந்த வருஷம் எங்கள் பிழைப்பே இழுபறியில் இருந்தது. லோடு எதுவும் சொன்ன நாளில் போகவில்லை. கடைக்காரர்கள் போனில் கத்தினார்கள். முதலாளியின் மச்சான், அவர் வீட்டம்மாவின் கூடப்பிறந்த தம்பி, ஓசூரில் ஆட்டோமேட்டிக் மெஷின் வைத்துப் பாக்கெட் ஷெட் நடத்துகிறார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அக்கா வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார். "மாவ மட்டும் அரைச்சு அனுப்புங்க மாமா, பாக்கெட்ட நான் பாத்துக்கறேன்" என்று அவர் ஓதுவது எங்கள் காதுக்கும் வந்தது. ஒரு நாள் முதலாளி எங்களைக் கூப்பிட்டார்.

"தை வரைக்கும் பாக்கறேன். லோடு ஒழுங்காப் போச்சுன்னா இங்கயே இருக்கட்டும். இல்லன்னா ஓசூருதான்" என்றார்.

ஓசூருக்கு எங்களில் யார் போவது? ஆளாளுக்கு மாடு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். பஸ்ஸிலேயே பாதிநாள் போய்விடும். செக்‌ஷன் போனால் எங்கள் எல்லாருக்கும் வேலை போச்சு, அவ்வளவுதான். வீட்டுக்குப் போய்ச் சொல்லக்கூட எனக்குத் தெம்பு இல்லை.

அப்போதுதான் மருமகள் உள்ளே வந்தாள். பெங்களூரில் பிறந்து வளர்ந்து, அங்கேயே கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தவள். கல்யாணமாகி இங்கே வந்து, வீட்டில் இருந்தபடியே அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தை வரைக்கும்தானே மாமா, எங்கிட்ட விடுங்க. எங்க ஆபீஸ்ல அஜைல்னு ஒரு முறை இருக்கு, அதை இங்க செஞ்சு பாக்கலாம்" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். முதலாளிக்கு அவள் மேல் ஒரு பிரியம். தலையாட்டிவிட்டார்.

அவள் சொன்னதில் ஒன்றை நான் உடனே ஒப்புக்கொண்டேன். அதுவரை ஒரு மாசத்துக்கான ராகியை மொத்தமாகப் பாக்கெட் போட்டு அடுக்கிவிடுவோம். கடைக்காரன் அப்போது பார்த்துக் கம்பு கேட்பான். ராகி கிடந்து வண்டு வைக்கும். அவள் இரண்டு வாரத்துக்கு மட்டும் போடச் சொன்னாள். அனுப்பிவிட்டு, எது விற்றது, எது நின்றது என்று கடையில் கேட்டு அடுத்த இரண்டு வாரத்துக்குத் திட்டம் போட வேண்டும். இதற்கு அவர்கள் ஆபீஸில் ஸ்பிரிண்ட் என்று பெயராம். பெயர் என்னவாக இருந்தால் என்ன, வண்டு குறைந்தது.

கூட்டம்தான் எனக்கு ஒத்துவரவில்லை. காலை ஷெட் திறந்ததும் எல்லாரும் வட்டமாக நிற்க வேண்டும். சுவரில் ஒரு வெள்ளை போர்டு, அதில் மஞ்சள் சீட்டுகள். ஒவ்வொருவரும் நேற்று என்ன முடித்தோம், இன்று என்ன செய்யப்போகிறோம், வேலைக்கு என்ன தடை என்று சொல்ல வேண்டும். தடை என்று ஒன்று வந்தால் அதைச் சீட்டில் எழுதி, யாராவது ஒருவர் தன் பொறுப்பில் எடுத்தாக வேண்டும். "எதுவா இருந்தாலும் இங்கயே சொல்லிடுங்க. தனித்தனியாப் போய் அக்கா காதுல ஓதாதீங்க. எல்லாருக்கும் தெரியட்டும்" என்றாள். அக்கா என்றது என்னைத்தான்.

முதல் இரண்டு கேள்விக்கும் நெளிந்துகொண்டே பதில் சொன்னார்கள். மூன்றாவதுக்கு எல்லார் வாயிலும் ஒரே பதில்.

"ஆயிடுமுங்க."

"தடை எதுவும் இல்லையா?"

"நல்லா இருக்குதுங்க. ஆயிடுமுங்க."

தினமும் இதே கதை. தடைக்காக ஒதுக்கிய இடம் போர்டில் வெள்ளையாகவே கிடந்தது. மருமகளுக்கு முகமெல்லாம் சந்தோஷம். எங்கள் ஆபீஸில்கூட இப்படி ஓடாது அக்கா என்றாள். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். முதலாளி தன் ரூம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார், வட்டத்துக்குள் வரமாட்டார்.

கார்த்திகையில் ஒரு நாள் பெங்களூருக்குப் போன லோடு அப்படியே திரும்பி வந்தது. வேன் கதவைத் திறந்ததும் மாவு கொட்டியது. பாக்கெட் எல்லாம் ஒரு பக்கம் வாய் பிளந்து கிடந்தது. பாக்கெட் வாயைச் சூட்டில் ஒட்டும் சீலிங் மெஷினில் ஒரு பக்கம் சூடே ஏறவில்லை என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. முதலாளி செருப்பில் ஒட்டிய மாவைத் தட்டிவிட்டு உள்ளே போனார். அவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

சீலிங் மெஷினில் நிற்பவள் பென்னாகரம் பக்கத்துப் பெண். வீட்டில் கன்னடம், இங்கே தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். அன்றைக்கு அவளுக்குக் கோபம் வரவில்லை, எனக்குத்தான் வந்தது.

"ஏன்டி, மெஷின் சூடு ஏறலைன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியுங்க அக்கா. ஒரு வாரமா அப்பிடித்தாங்க இருக்குது. ரெண்டு தடவ அமுக்கி அமுக்கி ஓட்டினேன்."

"அட பாவி! தெனம் வட்டமா நிக்க வெச்சு என்ன தடை, என்ன தடைன்னு கேட்டாங்களே, வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "காலங்காத்தால எப்பிடிங்க சொல்றது? மொத வண்டி இன்னும் கெளம்பவே இல்ல. போணி ஆகறதுக்கு முன்னாடி மெஷினு கெட்டுப்போச்சுன்னு சொன்னா நீங்கதானுங்க வாயக் கழுவும்பீங்க."

அவள் சொன்னது உண்மைதான். எங்கள் ஷெட்டில் முதல் வண்டி கிளம்புவதுதான் போணி. கற்பூரம் காட்டி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அது நசுங்கி வண்டி கேட்டைத் தாண்டும் வரை யாரும் இல்லை என்று சொல்லக் கூடாது, முடியாது என்று சொல்லக் கூடாது, கெட்டுப்போச்சு என்று நினைக்கக்கூடக் கூடாது. உப்புத் தீர்ந்திருந்தாலும் உப்பு வாங்க வேண்டும் என்றுதான் சொல்வோம். முன்பெல்லாம் வண்டி போன பிறகு ஒவ்வொருத்தியாக என் பக்கம் வந்து, அக்கா அது ஓடலை, இது கிழிஞ்சிருக்கு என்று காதைக் கடிப்பார்கள். கூட்டம் வந்ததும் அந்த வழியையும் அடைத்துவிட்டோம்.

மருமகளிடம் இதைச் சொன்னதும் அவள் என்னையே பார்த்தாள். "அப்ப இத்தனை நாளும் எல்லாரும் பொய்யா சொன்னாங்க?"

"பொய் இல்ல பாப்பா. நல்ல வார்த்தை சொன்னாங்க. நீ கேட்ட நேரம் அப்படி."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. உலகம் பூராவும் காலையில்தான் இந்தக் கூட்டத்தைப் போடுகிறார்கள் என்று புலம்பினாள். "உலகத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிற வேலை இல்ல போலிருக்கு" என்றேன். ரோஷக்காரியாக இருந்தாலும் பிடிவாதக்காரி இல்லை அவள். மறுநாளே கூட்டத்தைப் பதினொரு மணி டீக்கு மாற்றினாள், முதல் வண்டி கேட்டைத் தாண்டிய பிறகு. அதோடு டீ குடிக்கும்போது உட்காரலாம் என்றும் ஒரு சலுகை கொடுத்தாள். அதைக் கேட்டு வாங்கியது நான்.

அவ்வளவுதான், அடேயப்பா, மடை திறந்தது. தராசு ஒரு பக்கம் சாய்கிறது. லேபிளில் தேதி அழிகிறது. சாமையில் கல் வருகிறது. கக்கூஸில் தாழ்ப்பாள் இல்லை. அரைவைக்காரர்கள் மாவைச் சூடாகவே கொண்டுவந்து கொட்டுகிறார்கள், அது கவருக்குள் வியர்க்கிறது. சீட்டு போதாமல் மருமகள் காலண்டர் தாளைக் கிழித்து எழுதினாள். ஒவ்வொன்றையும் ஒருத்தி எடுத்துக்கொண்டாள். சீலிங் மெஷினுக்குத் தர்மபுரியிலிருந்து மெக்கானிக்கைக் கூட்டிவரும் வேலையை அந்தப் பெண்ணே எடுத்தாள். கூட்டிவந்து, அவன் வேலையை முடிக்கும் வரை நகரவிடாமல் பக்கத்திலேயே நின்றாள்.

மார்கழி முழுக்க லோடு சொன்ன நாளில் போனது. கத்தின கடைக்காரரே கூடுதலாகச் சாமை கேட்டார். நாங்கள் நிம்மதியாகப் பொங்கல் வைத்தோம்.

பொங்கல் முடிந்து ஷெட் திறந்த அன்று பதினொரு மணிக்கு முதலாளி ரூமை விட்டு வெளியே வந்து வட்டத்தில் நின்றார். பெண்கள் எல்லாரும் டீயோடு எழுந்து நின்றுவிட்டார்கள். ஒவ்வொருத்தியாகச் சொல்லி முடித்தோம். சீலிங் பெண் அவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் சொல்லோணுங்க ஐயா. வட்டத்துல நின்னா சொல்லித்தான் ஆவணும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முதலாளி டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லோடெல்லாம் ஒழுங்காத்தான் போவுது. நானும் பாக்கறேன். ஆனா ஓசூர்ல பேசி முடிச்சிட்டேன். லோடு திரும்பி வந்துதே, அன்னிக்கே மச்சாங்கிட்ட சரின்னு சொல்லிட்டேன். அடுத்த மாசம் செக்‌ஷன அனுப்பறதா வார்த்த குடுத்தாச்சு. இப்ப வேணாம்னு அவங்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. அதான் என் தடை."

மருமகளுக்கே அது தெரியாது, அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. எனக்கு ஆத்திரம் பொங்கியது. இரண்டு மாசமாக எங்களை ஓடவிட்டு ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தாரே என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். மருமகள் ஒரு சீட்டை எடுத்து, ஓசூருக்கு வேண்டாம் என்று சொல்வது என்று எழுதி, போர்டில் ஒட்டினாள்.

"இத யாரு எடுக்கறது?" என்று கேட்டாள்.

"நாங்க பேசினா அவரு போன எடுக்கமாட்டாருங்க" என்றாள் சீலிங் பெண். "ஐயாதாங்க பேசோணும். நாங்க இங்கயே நிக்கறோம்."

முதலாளி சீட்டைப் பிய்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனை எடுத்தார். எங்கள் நடுவில் நின்றுதான் பேசினார். நலம் விசாரித்தார், மழை பற்றிப் பேசினார், மறுபடி நலம் விசாரித்தார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, "பாக்கெட்டு இங்கயே இருக்கட்டும்டா, அனுப்பல" என்று சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் கத்தியது எங்களுக்கே கேட்டது. அவர் போனை வைத்தார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சூப்பர்வைசராவது மண்ணாவது, அங்கேயே நின்று அழுதேன்.

மறுநாளும் வட்டத்துக்கு வந்தார். என்ன தடை என்று கேட்டோம்.

"வூட்டுல சோறு போடல" என்றார்.

மச்சான் அக்காவுக்குப் போன் போட்டு அழுதிருக்கிறார். மருமகள் தலையைக் குனிந்துகொண்டு, "அத்தை எனக்கு மட்டும் தோசை ஊத்தினாங்க" என்றாள். அரைவைப் பக்கம் யாரோ சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. தம்பியைப் பகைத்துக்கொண்டதற்காக அந்த அம்மா இவரோடு எத்தனை நாள் பேசாமல் இருப்பாரோ என்று இருந்தது.

மருமகள் அதைச் சீட்டில் எழுதவில்லை. சீலிங் பெண் தன் டிபன் பாக்ஸைத் திறந்து, மூடியில் களியும் கீரையும் வைத்து நீட்டினாள். நான் பதறிப்போனேன். இத்தனை வருஷத்தில் அவர் எங்கள் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. அவர் அவளையும் மூடியையும் பார்த்தார். பிறகு ராகி மூட்டை மேல் உட்கார்ந்து வாங்கிக்கொண்டார். சாப்பிட்டு முடித்து, இன்னும் கொஞ்சம் வை என்று மூடியை நீட்டினார்.