மிளாவுக்கு வைத்த உப்பு

சேற்றில் புரண்டெழுந்த மிளாவின் வாடை, நனைந்த சாக்கும் எருமைத் தொழுவமும் கலந்தது போல இருக்கும். குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கியதும் அந்த வாடை எங்கள் வீட்டுப் பின்புறத்துக்கு வந்துவிடும். வெள்ளைக்காரன் காலம் அது. மலையடிவாரத்தில் ஒரு பழத்தோட்டத்துக்கு அப்பா மேஸ்திரி. அம்மா தவறிவிட்டாள், சமைத்துப் போட அத்தை இருந்தாள். தென்காசியில் படித்துக்கொண்டிருந்த என்னை, பெண்பிள்ளைக்கு இது போதும் என்று நிறுத்திவிட்டார்கள். ஒன்பது வயதில் நான் நாளெல்லாம் பேசியது பலா மரங்களோடுதான். அவையும் பதில் சொல்லிவிடவில்லை.

ஊறுகாய் ஜாடி கழுவிய தண்ணீரை அத்தை ஓடைக்கரைப் பாறையில் ஊற்றுவாள். ஒரு விடியற்காலையில் அந்தப் பாறையை ஒரு கிடா மிளா நக்கிக்கொண்டு நின்றது. மிளா என்றதும் புள்ளிமானை நினைத்துவிடாதீர்கள். உழவு மாட்டு உயரம், கரியேறிய பானை நிறத்தில் முரட்டு மயிர், கழுத்தில் பிடரிமயிர், சேம்பிலை போலக் காதுகள். கண்ணை அது அவ்வளவாக நம்பாது. அசையாமல் நின்றால் நம்மையும் ஒரு மரம் என்று விட்டுவிடும். காதும் மூக்கும்தான் அதற்குக் காவல். சந்தேகம் வந்தால் முன்னங்காலால் தரையைத் தட்டி, வாலைத் தூக்கி, "பாங்க்" என்று குரல் கொடுத்துவிட்டு ஓடும்.

"கெடா மிளா தனியாத்தான் திரியும். கூட்டமெல்லாம் பொட்டைக்கும் குட்டிக்கும்தான்" என்றார் அப்பா.

அதற்குப் பொழுது போகாதே என்று எனக்குத் துக்கமாக இருந்தது. அன்று முதல் தினமும் ஒரு கை கல்லுப்பைப் பாறையில் வைத்தேன். "ஏட்டி, உப்புச் சட்டிக்குக் காலு முளைச்சிருக்கா?" என்று அத்தை கேட்டாள்.

வைகாசி கடைசியில் அதன் கொம்பு விழுந்தது. ஆண்டுதோறும் விழுந்து முளைப்பதுதானாம். மூன்று கவராகக் கிளைத்த அந்தக் கொம்புகளில் ஒன்றை ஓடையில் எடுத்தேன். தலைவலிக்கு உரைத்துப் பூசலாம் என்று அத்தை வாங்கி வைத்துக்கொண்டாள். ஆடியில் புதுக்கொம்பு மெத்தென்ற மயிர்த்தோலோடு எழும்பியது. அதற்குள் மிளா என்னால் மனுஷ வாடைக்கே பழகிவிட்டது. பத்தடியில் நான் நின்றாலும் காலைத் தட்டவில்லை. எனக்கென்று உலகத்தில் ஒரு ஆள் இருந்தது.

அந்த ஆடியில்தான் முதலாளி வீட்டுக்குச் "சீசன்" விருந்தாளி ஒருவர் வந்தார். என் பெயரைக் கேட்டார், பிஸ்கோத்துக் கொடுத்தார். "இந்தக் காட்டுல தனியா என்ன பண்ணுவே பாப்பா?" என்றார். அப்படி என்னை யாரும் கேட்டதில்லை. மிளாவின் காது, குரல், அது வரும் நேரம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் பாறையையும் காட்டினேன்.

மறுநாள் விடியலில் வெடிச்சத்தம் கேட்டது. ஓடிப் போனபோது மிளா பாறையடியில் கிடந்தது. நாக்கில் உப்பு ஒட்டியிருந்தது. கையில் துப்பாக்கியோடு நின்ற விருந்தாளி, "கொம்பு முத்தலையே" என்று குறைப்பட்டுக்கொண்டார். கிட்டே போனபோதும் ஓடவில்லை என்று ஆச்சரியப்பட்டார்.

மத்தியானம் ஆள் ஒருவன் வாழையிலையில் பொதிந்த தொடைக்கறியைக் கொண்டுவந்தான். "பாப்பாவுக்குக் குடுக்கச் சொன்னாவ."

பாறையில் உப்பு வைத்ததை அழுதுகொண்டே சொன்னேன். அத்தைக்கு அப்போதுதான் உப்பு போன வழி விளங்கியது. அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாவ. அந்தச் சீவன் நெனச்சுக்கிட்டுதாம்ட்டி நின்னுருக்கு" என்று அழுதாள். அப்பா பொட்டலத்தை மண்வெட்டியோடு எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் போனார்.

இப்போது அந்தத் தோட்டத்தில் தங்கும் விடுதிகள் நிற்கின்றன. பாறையை உடைத்து அஸ்திவாரத்துக்குப் போட்டுவிட்டார்கள். கொம்பு மட்டும் அத்தை உரைத்து உரைத்து ஒரு விரல் நீளத்துக்குத் தேய்ந்து என்னிடம் இருக்கிறது. எனக்கு எத்தனை தலைவலி வந்தாலும் அதைத் தொடுவதில்லை. யாராவது அன்பாக என்னைப் பற்றி விசாரித்தால், இந்த வயதிலும், முதலில் அவர் கையைத்தான் பார்க்கிறேன்.