யாருக்கு வெட்டிய பங்கர்

என் மகள் பாலங்களைப் பரிசோதிக்கும் பொறியியலாளர். சென்ற வருடம் அவளுக்குப் புதிய வேலை ஒன்று கிடைத்தது. போலந்து எல்லை வரையுள்ள பாலங்களில் எவை டாங்கியைத் தாங்கும், எவை தாங்காது என்று கணக்குப் பார்க்கும் வேலை. நான் ஜேர்மனியில், டோர்ட்மண்டில் பஸ் ஓட்டுகிறவன். வெடிப்பு விழுந்த பாலம் ஒன்றை மூடி வைத்ததால் இரண்டு வருடம் ஊரைச் சுற்றிச் சுற்றி ஓட்டினேன். பஸ்ஸுக்குத் திருத்தாத பாலத்தை டாங்கிக்குத் திருத்துவார்களாம் என்று எரிந்து விழுந்தேன்.

"டாங்கி போற பாலத்தில பஸ்ஸும் போகும்தானே அப்பா," என்றாள்.

அவள் சொன்னதில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான். பாலம் திருத்த ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து பணம் தருகின்றன. எந்தப் பாதை வேண்டும் என்று சொல்வது அமெரிக்காவும் இருக்கிற இராணுவக் கூட்டணி. ஆனால் இந்தப் பக்கத்துப் பட்டியலை அந்தப் பக்கத்துக்குக் காட்ட அனுமதி வேண்டும்.

"ஒரே சனம் ரெண்டு மேசையில இருந்து ஒளிச்சுப் பிடிச்சு விளையாடுதுகளோ?"

"எல்லாரும் ரெண்டு மேசையிலயும் இல்லை, அதுதான் கரைச்சல். அமெரிக்கா எங்களை விட்டிட்டுப் போனா என்ன செய்யிறதெண்டு ஒரு மேசை யோசிக்குது. போகாமல் பிடிச்சு வைக்கோணும் எண்டு மற்ற மேசை யோசிக்குது."

இரண்டு மேசைக் கடதாசிகளையும் அவள் பார்க்க வேண்டும் என்பதால் முதலில் அவளைப் பற்றி விசாரிப்பார்கள். அது சரிவராவிட்டால் வேலை இல்லை. பழைய வேலையை விடுவதாக அதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டாள், விசரி.

பிறகு கடிதம் வந்தது. தகப்பனைப் பற்றிச் சில கேள்விகள் உண்டு, விரும்பினால் அவரும் வரலாம், மூன்று கிழமையில் தெர்மின், அதாவது சந்திப்பு நேரம், என்று எழுதியிருந்தது. என் அகதி விண்ணப்பக் கோப்பைத் தேடி எடுத்து, அந்தக் கால விசாரணைப் பிரதியை வரிவரியாக வாசித்தேன். நாலாம் பக்கத்தில் இருந்தது: 'விண்ணப்பதாரர் பங்கர் கட்டினார்.'

நான் அன்றைக்குச் சொன்னது, "பங்கர் வெட்டினனான்" என்று. ஊரில் சண்டை நேரம் வீட்டு வளவுக்குள், ஷெல்லுக்குப் பயந்து, எல்லாச் சனமும் வெட்டின குழி. ஜேர்மன் மொழியிலும் அதே சொல் இருக்கிறதே என்று மொழிபெயர்ப்பாளர் அப்படியே விட்டுவிட்டார். இந்த நாட்டில் பங்கர் என்றால் கொங்கிறீற்றில் இராணுவம் கட்டுவது; வாசிக்கிறவர்கள் நான் ஏதோ படைக்குக் கட்டினேன் என்றுதான் நினைப்பார்கள். பிரதியை எனக்கு வாசித்துக் காட்டியபோது நானும் தலையாட்டிக் கையெழுத்து வைத்திருக்கிறேன். மடையன் நான்.

அந்த மூன்று கிழமையும் இருப்புக் கொள்ளவில்லை. கழுவின கோப்பையைத் திரும்பக் கழுவினேன். ஒருநாள் பஸ்ஸை நிறுத்தத்தில் நிறுத்தாமலே போய்விட்டேன். என்ர வாயால் பிள்ளையின் வேலை போகப்போகிறது என்ற எண்ணம்தான் எந்த நேரமும்.

விசாரித்தவர் என் வயதுப் பெண். அந்த வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

"பங்கர் கட்டியிருக்கிறீர்கள். யார் கட்டச் சொன்னது?"

"என் தாய்."

அவர் சிரிக்கவில்லை. வரைந்து காட்டச் சொன்னார். 'ட' எழுத்தை எழுதினேன், எங்கள் பங்கர் அந்த வடிவம்தான். மேலே தென்னங்குற்றி, அதன் மேல் மண் என்று குறித்தேன். உள்ளே ஆறு பேர் என்றேன். மகள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் நான் அவளுக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

ஒரு மாதம் கழித்து அனுமதி வந்தது. ஐரோப்பியக் கடதாசிக்கு ஒன்று, கூட்டணிக் கடதாசிக்கு வேறொன்று. நான் இரண்டையும் இரண்டு தரம் வாசித்தேன். அவள் குசினி மேசையில் இருந்து ஒரு துண்டுக் கடதாசியில் எதையோ எழுதினாள்.

"அப்பா, குற்றி எவ்வளவு தடிப்பு?"

கையால் காட்டினேன்.

"மண்?"

"முழங்கால் அளவு."

கொஞ்ச நேரம் கணக்குப் பார்த்தாள். பிறகு பேனையை மூடி வைத்தாள்.

"ஷெல் விழுந்திருந்தா இது தாங்கியிராது, அப்பா."

"தெரியும்," என்றேன். "மண் போடேக்கையே தெரியும். என்ர அம்மாவுக்குத்தான் சொல்லேல்லை."