இன்சுலினுக்குள் யாருடைய ஜீன்

என் வீட்டுக்காரர் மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் காய்கறிக்காரர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். பட்டுச் சேலைக் கடை வைத்திருப்பவர். ஜரிகையை நகத்தால் சுரண்டிப் பார்த்தே பழகிய விரல், தக்காளியையும் சுரண்டும். "இது ஜீன் மாத்தினதா?" என்று கேட்பார். "தெரியாது பாய், லோடுல வந்துது," என்பார்கள். தெரியாது என்றால் வேண்டாம். கெட்டியாக, பளபளவென்று இருந்தாலும் வேண்டாம். விதையில்லாத திராட்சை விற்கும் வண்டி எதிரே வந்தால், கடன் கேட்கிறவரைப் பார்த்ததுபோல் விலகி நடப்பார்.

எல்லாம் போனில் வந்த ஒரு வீடியோ செய்த வேலை. தக்காளிக்குள் மீன் ஜீனை வைத்துவிட்டார்கள், நாளைக்குக் கத்திரிக்காய்க்குள் பன்றி ஜீனை வைப்பார்கள், அப்புறம் முஸ்லிம் வீட்டில் குழம்பே வைக்க முடியாது என்று அதில் ஒருவர் அடித்துப் பேசினார். இவர் அதைத் திரும்பத் திரும்ப எனக்குப் போட்டுக் காட்டினார்.

நானோ பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தைக்கூட முழுசாகப் படிக்கிற ஜாதி. மகளின் பிளஸ் டூ உயிரியல் புத்தகம் பரணில் கிடந்தது, இறக்கினேன். புரியாததை, கல்யாணமாகி ஓசூரில் இருக்கும் அவளிடமே போனில் கேட்டேன். மீன் தக்காளி என்று ஒன்றைச் சோதனைக்காகச் செய்து பார்த்தது உண்மைதானாம், கடைக்கு வரவே இல்லையாம். இவர் சுரண்டிய பளபளத் தக்காளி வெறும் ஹைபிரிட், அதாவது இரண்டு நல்ல ரகங்களை மகரந்தம் மாற்றிச் சேர்த்தது. நம் நாட்டில் ஜீன் மாற்றி விளைவித்து விற்பது பருத்தி மட்டும்தானாம். காய்ப்புழு தின்றால் சாகும்படி, மண்ணில் இருக்கும் ஒரு பாக்டீரியாவின் ஜீனை அதில் வைத்திருக்கிறார்கள். அந்த பாக்டீரியாவை முதன்முதலில் கண்டுபிடித்தது நோயில் செத்த பட்டுப்புழுவிலாம். பட்டு விற்றுச் சாப்பிடும் வீட்டில் இருந்துகொண்டு இது தெரியாமல் இருந்திருக்கிறேனே என்று ஒரு நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பருத்தின்னா, நீங்க கட்டியிருக்கிற கைலி," என்றேன் அவரிடம்.

கைலியைக் குனிந்து பார்த்தார். "கைலிய யாரும் திங்கிறதில்ல," என்றார்.

"மிக்சர் திங்கிறீங்களே. பருத்திக்கொட்டை எண்ணெயிலயும் பொரிக்கிறாங்களாம்."

அன்று சாயங்காலம் மிக்சர் டப்பாவை அவர் தொடவில்லை. எனக்குச் சிரிப்பாக இருந்தது.

அந்தச் சிரிப்பு ரம்ஜான் முடிந்த கையோடு போயிற்று. புதுச் செருப்பு அவர் கால் சுண்டுவிரலைக் கடித்தது. சர்க்கரை நோய்க்காரர், புண் ஆறவில்லை. விரல் கறுக்கத் தொடங்கியதும் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இனி மாத்திரை போதாது, இன்சுலின் ஊசி போட்டே ஆக வேண்டும் என்றார்.

"அது பன்னியில இருந்து எடுக்கிறதாச்சே," என்றார் இவர்.

டாக்டரம்மா நல்ல மனசோடுதான் பதில் சொன்னார். "அது அந்தக் காலம் பாய். பன்னி, மாட்டு கணையத்துல இருந்து எடுத்துக்கினு இருந்தாங்க. இப்ப அதெல்லாம் இல்ல. பாக்டீரியாவுக்கு ஜீனை மாத்தி, அதை வச்சே தயார் பண்றாங்க. நீங்க தாராளமா போட்டுக்கலாம்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இவர் எழுந்து செருப்பைத் தேடினார்.

பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் அஜரத்திடம் போய்க் கேட்டேன். வேறு வழியில்லை என்றால் பன்றியில் எடுத்ததற்குக்கூட உயிரைக் காக்க அனுமதி உண்டு, இதில் அந்தப் பேச்சே இல்லை, போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார். வீட்டுக்கு வந்து சொன்னேன். "மார்க்கம் தடுக்கலம்மா, என் மனசு தடுக்குது," என்றார். மனசுக்கு ஃபத்வா வாங்க எங்கே போவது?

நான் வாங்கி வைத்த மருந்து ஃபிரிட்ஜ் கதவில் இருந்தது, கீழே அவர் தேடித்தேடி வாங்கிய நாட்டுத் தக்காளி. நான் மறுபடி புத்தகத்தைப் பிரித்தேன். இந்த முறை அவருக்குப் புரிகிற வழியில் போனேன்.

"நம்ம தறிக்காரர் வீட்டுல மேல ஜக்கார்டு பெட்டி இருக்குதில்ல? ஓட்டை போட்ட மயில் அட்டைய மாட்டினா சேலையில மயில் விழுது. மாங்கா அட்டைய மாட்டினா மாங்கா. தறி அதே தறிதானே? இங்க பாக்டீரியாதான் தறி. இன்சுலின் செய்யற மனுஷ அட்டைய அதுல மாட்டியிருக்காங்க."

நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரோட அட்டை? எந்த ஊர் ஆளு?"

எனக்கும் அது தோன்றாத கேள்வி. மகளிடம் போனில் கேட்டுச் சொன்னேன். "யார் உடம்புல இருந்தும் வெட்டி எடுக்கலயாம். நம்ம எல்லார் உடம்புலயும் அந்த அட்டை இருக்குது. அதைப் பாத்து, லேபுல புதுசா ஓட்டை போட்டு செஞ்சாங்களாம்."

"ஒரு ஓட்டை தப்பா விழுந்தா?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஒற்றைக்கால் மயில்களாக விழுந்த ஒரு சேலையை முகூர்த்த சீசனிலும் தறிக்காரருக்கே திருப்பி அனுப்பியவர் அவர். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். ஒவ்வொரு தடவை தயாரிக்கும்போதும் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள், பாக்டீரியாவையெல்லாம் நீக்கிவிடுவார்கள் என்றார்.

"தறி கூட வராது. சேலை மட்டும்தான் வரும்," என்றேன். "நீங்களும் கடையில சேலையத்தானே புரட்டிப் பாக்குறீங்க?"

"சேலைய மேல கட்றாங்க. இத உள்ள குத்தணும்," என்றார்.

ஆனாலும் விடவில்லை. சாப்பிடும்போது, கடைக்குக் கிளம்பும்போது, தொழுதுவிட்டு வரும்போது என்று விளக்கிக்கொண்டே இருந்தேன். உண்மையைச் சொன்னால், இடையிடையே எனக்கு அவர் விரலே மறந்துபோயிற்று. ஒரு சின்ன உயிருக்குள் மனிதனின் செய்முறையை வைத்தால் அது மறுபேச்சில்லாமல் செய்துகொடுக்கிறது என்பது அவ்வளவு ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த தடவை கட்டு மாற்றியபோது டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கறுப்பு இன்னும் ஏறினால் விரலை எடுக்க வேண்டும், அதோடு நிற்கும் என்றும் சொல்ல முடியாது என்றார். ஆட்டோவில் வரும்போது அவர் ஏதோ சேலை ஆர்டரைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். என் காதில் ஒன்றும் ஏறவில்லை.

மத்தியானம் சாப்பாட்டை எடுத்து வைப்பதற்கு முன் ஊசியையும் மருந்தையும் கொண்டுபோய் அவர் எதிரே உட்கார்ந்தேன். வயிற்றில் ஊசி போடுவது எப்படி என்று நர்ஸ் ஏற்கெனவே காட்டித் தந்திருந்தார். அன்றைக்கும் புதிதாக ஒரு விளக்கம் தயாராக வைத்திருந்தேன். "ஏங்க, இன்னொண்ணு படிச்சேன்," என்று ஆரம்பித்தேன். பாதியிலேயே ஊசியைக் கீழே வைத்துவிட்டேன்.

"என்னா படிச்ச?" என்றார்.

"ஒண்ணும் படிக்கல. எனக்கு ஒண்ணும் தெரியாது. பயமா இருக்குதுங்க. காலுக்கு இல்ல. நீங்க இல்லாம போயிடுவீங்களோன்னு."

அவர் சட்டை நுனியை வயிற்றுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இத்தினி நாளா கிளாஸ் எடுத்துக்கினு இருந்தியே," என்றார். "இத மொதல்லயே சொல்றதுக்கு என்னா?"