குறுக்கே படுத்த செல்கள்

நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே மேடம் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தது இன்னும் நினைவிருக்கிறது. "நீங்க பாருங்க. எனக்குத் தெரியறதுதான் உங்களுக்கும் தெரியுதான்னு சொல்லுங்க."

எண்பதுகளின் நடுப்பகுதி. ஹைதராபாத்தில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்த என்னை ஓர் ஆய்வுக்கூடத்துக்கு ஆறு மாதம் அனுப்பியிருந்தார்கள். அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த மேடம் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் கிறித்தவர். கோழிக்கருவின் தசைநார் செல்களை மெல்லிய ரப்பர் தகட்டில் வளர்த்துவந்தார். சும்மா விட்டால் அவை இறைத்த நெல்லைப்போலத் தாறுமாறாகக் கிடக்கும். தகட்டை இழுத்து இழுத்து விட்டால் இழுக்கும் திசையில் வரிசைப்படும், கிழிந்த நாருக்கு ஒட்டுப்போடும் திசுவாக ஒருநாள் வளர்க்கலாம் என்று நம்பினார். இழுக்கும் மோட்டார் என் பொறுப்பு.

பார்த்தேன். வரிசை இருந்தது. ஆனால் இழுத்த திசைக்குக் குறுக்கே. "தகட்டைத் திருப்பி மாட்டிட்டேனோ மேடம்?" என்றேன். அடையாளமிட்டு இன்னும் மூன்று முறை மாட்டினோம். மூன்று முறையும் குறுக்கேதான். "அதுங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிப் படுக்குதுங்க. ஏன்னுதான் கண்டுபிடிக்கணும்" என்றார் மேடம்.

ஆய்வுக்கூடத்தின் பிரிவுத் தலைவரோ, செல்கள் இழுத்த திசையிலேயே வரிசைப்படுகின்றன என்று மேலிடத்தில் முன்பே சொல்லி வைத்திருந்தார். என்னைத் தனியே கூப்பிட்டார். "மோட்டார் சரியில்லைன்னு ரெண்டு வரி எழுதிக் குடுப்பா. உன் புரமோஷனுக்கு நானும் ஒரு வார்த்தை சொல்றேன்." எழுதிக் கொடுத்தேன். மோட்டாரைக் கழற்றி எடுத்துக்கொண்டு நான் தொழிற்சாலைக்கே திரும்பிக் கிளம்பியபோது மேடம் கதவை எனக்காகத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

அதன்பின் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. டீ குடிக்க உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவேன். ஆய்வுக்கூடத் தெருமுனைவரை ஸ்கூட்டரில் போய், உள்ளே போகாமல் திரும்புவேன். மூன்றாம் மாதம் லோத்குண்டாவில் இருந்த அவர் வீட்டுக்கே போனேன். "மோட்டார் நல்லாத்தான் இருந்துச்சு மேடம். நான் எழுதினது பொய்."

"ஹவ், தெரியும்" என்றார், 'ஆமாம்' என்பதற்கு அந்த ஊர்க்காரர்கள் சொல்வதுபோல. "நீங்க கெளம்பின வாரமே ஒரு கைப்பிடி மாட்டி, காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் நானே சுத்தினேன். அப்பவும் குறுக்கேதான்." ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துவந்தார். "இப்ப சொன்னதை எழுதிக் குடுப்பீங்களா?"

அவர் சாப்பாட்டு மேசையிலேயே எழுதிக் கையெழுத்திட்டேன். பதவி உயர்வு நான்கு ஆண்டு தள்ளிப்போனது. மேடத்தின் கட்டுரை வெளிவந்தது. கடைசியில் நன்றி சொன்ன இடத்தில் என் பெயரும் இருந்தது. வீட்டில் அதை எல்லோருக்கும் காட்டுவார்கள். அப்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். முதலில் எழுதிய அந்த இரண்டு வரியும் ஏதோ ஒரு கோப்பில் என் கையெழுத்தோடு இன்னும் இருக்கத்தானே செய்யும்.